கல்யாணக் கண்காட்சிக்குப் போவதால் உண்மையில் பலன் உண்டா?

தையில் கல்யாணம், மண்டபம் மட்டும்தான் பிடித்திருக்கிறோம், சென்னையில் நடக்கும் கல்யாணக் கண்காட்சிக்குப் போனால் வேலை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. ஆனாலும் போங்கள், ஆனால் எதையும் அங்கேயே புக் செய்யாதீர்கள்.

என் கல்யாணத்துக்கு முன்னால் நானும் அம்மாவும் சித்தியும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த ஒன்றுக்குப் போனோம். நுழைந்ததுமே குலுக்கல் பரிசு என்று ஒரு சீட்டை நீட்டி போன் நம்பர் கேட்பார்கள், பரிசு விழுகிறதோ இல்லையோ அந்த நம்பர் நிச்சயம் பத்துப் பேர் கைக்குப் போகும். நான் தம்பி நம்பரை எழுதிவிட்டேன். அவனுக்கு ஹனிமூன் பேக்கேஜ் அழைப்புகள் இன்னும் வருகின்றன, பாவம், அவனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

எங்களுக்கு உண்மையிலேயே உதவியது சமையல் ஸ்டால்கள்தான். ஆனால் அங்கே ருசி பார்க்கக் கொடுப்பது குட்டி குலாப் ஜாமூனும் பன்னீர் டிக்காவும். அதில் என்ன தெரியும்? முகூர்த்தச் சாப்பாட்டில் சாம்பாரும் ரசமும் எப்படி இருக்கிறது என்பதுதானே விஷயம். அதனால் உங்கள் அடுத்த ஆர்டர் எங்கே, அந்த வீட்டார் சம்மதித்தால் நாங்கள் வந்து ஒரு இலை சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தரத்தில் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார், மற்றவர் பேச்சை மாற்றுவார். சித்தி கேட்ட கேள்வி இன்னும் நல்ல கேள்வி: “ஐந்நூறு இலைக்குப் பேசி அறுநூறு பேர் வந்தால் கூடுதல் இலைக்கு என்ன ரேட், பந்தியில் இலையை யார் எண்ணுவது, உங்க ஆளா எங்க ஆளா?” பரிமாறும் ஆட்கள், பாத்திர வாடகை, தண்ணீர் பாட்டில், தாம்பூலப் பை எல்லாம் இலை ரேட்டுக்குள்ளேயா வெளியேயா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். நான்கு ஸ்டாலில் இதையே கேட்டால் ஐந்தாவது ஸ்டாலில் நீங்களே பாதிச் சமையல்காரர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவீர்கள், பேரம் பேச அந்தத் தெளிவு போதும்.

போட்டோக்காரர்கள் காட்டும் ஆல்பத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த படங்கள். உங்கள் மண்டபம் மாதிரி சாதாரண வெளிச்சத்தில் எடுத்த ஒரே கல்யாணத்தின் படங்களை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். தாலி கட்டும்போது மேடையில் எல்லாரும் எழுந்து அட்சதை போடுவார்களே, அந்த நெரிசலில் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். பேசுகிற இந்த ஆளேதான் அன்று வருவாரா என்பதும் முக்கியம், ஏனென்றால் பெரிய முகூர்த்த நாளில் ஒரே கம்பெனி பல கல்யாணம் எடுக்கும், உங்களுக்கு யார் வருவார் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

நகையும் புடவையும் அங்கே வேடிக்கை பார்க்க மட்டும். தங்கத்தின் அன்றைய விலையில் பேரம் பேச ஒன்றும் இல்லை, பேச்செல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான், “சேதாரம் இல்லை” என்று பெரிதாக எழுதியிருந்தால் செய்கூலி எவ்வளவு என்று உடனே கேளுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையையும் தங்கக் கணக்கில் சேர்த்துப் போடுகிறார்களா என்று பில்லில் பாருங்கள். எங்கே வாங்கினாலும் நகையில் எச்யூஐடி என்ற ஹால்மார்க் குறியீடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம், இருக்க வேண்டும், அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும். பட்டுப்புடவைக்கு, அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்பதோடு, வெயில் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள், ஸ்டால் விளக்கில் எல்லா அரக்கும் ஒரே அரக்குதான்.

மருதாணி ஸ்டாலில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. போட்ட சில நிமிடத்தில் கருப்பாகப் பிடிக்கும் கோனில் பிபிடி என்ற தலைமுடிச் சாய ரசாயனம் கலந்திருக்கலாம், சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும். நல்ல மருதாணி முதலில் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும், நன்றாகச் சிவக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு கையில் கொப்புளம் யாருக்கு வேண்டும்?

அப்புறம் இந்த “இன்று மட்டும் தள்ளுபடி”. ஒரு மேடை அலங்காரக்காரர் மாலைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் அந்த ரேட் என்று அம்மாவை அவசரப்படுத்தினார். சித்தி விசிட்டிங் கார்டை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு அதைவிடக் குறைத்துச் சொன்னார். அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், தேதி மாறினால் பணம் திரும்ப வருமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

போவதாக இருந்தால் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள், ஞாயிறு சாயங்காலம் ஸ்டால்காரர்களுக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது. உங்களுக்கு மண்டபம் முடிந்துவிட்டதால் கிளம்புவதற்கு முன் அங்கே மேனேஜருக்கு ஒரு போன் போட்டு, வெளி அலங்காரக்காரரையும் வெளிச் சமையலையும் விடுவார்களா, விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள் என்று சொல்லும் மண்டபங்கள் நிறைய. அப்படிச் சொல்லிவிட்டால் அந்த வரிசை ஸ்டால்கள் பக்கமே போக வேண்டாம், கால் வலியாவது மிச்சம்.