பார்க்கின்சன்: மரபணு, மூளை அழற்சி – உங்கள் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயதில் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் வந்தது. எனக்கும் வருமா மேடம்?

வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒற்றை மரபணுப் பிழையால் நோய் வருவது சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான். அதிலும் எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் பிழை இருந்தும் கடைசிவரை நோயே வராதவர்கள் நிறைய. அப்பாவுக்கு 40 வயதுக்குள் வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: மூளையில் அழற்சி என்றால் தலை வலிக்குமா?

வலிக்காது, காய்ச்சலும் அடிக்காது. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா விழித்துக்கொண்டு அடங்காமல் இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் இதை 1988-இல் பாட்ரிக் மெக்கீர் குழு காட்டியது.

கேள்வி: நரம்பு செல்கள் செத்த பிறகு குப்பை அள்ள வந்தவைதானே அவை? அவற்றையே குற்றம் சொல்லலாமா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1982-இல் கலிஃபோர்னியாவில் போதை ஊசி போட்ட சில இளைஞர்கள் திடீரென்று பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே கை கால் அசைக்க முடியாமல் உறைந்துபோனார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த அந்தப் போதைப்பொருளில் எம்பிடிபி என்ற நச்சு கலந்திருந்தது. அவர்களில் மூன்று பேரின் மூளையைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, நச்சு ஏறி 3 முதல் 16 ஆண்டுகள் கழிந்தும் மைக்ரோக்ளியா ஓயவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கிக்கொண்டே இருந்த கதை. ஆக, தொடங்கி வைப்பது வேறு எதுவாகவோ இருக்கலாம். நோயை நீடிக்க வைப்பதில் அழற்சிக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து.

மரபணுக்களும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்எல்ஏ மரபணுப் பகுதிக்கும் பார்க்கின்சனுக்கும் உறவு இருப்பது 2010-இல் தெரிந்தது. குடல் அழற்சியான க்ரோன் நோயிலும் எல்ஆர்ஆர்கே2-வின் பெயர் அடிபடுகிறது. நோயாளிகள் சிலரின் டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) ஆல்ஃபா சைனியூக்ளின் புரதத்தையே எதிரியாகப் பார்க்கின்றன என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. இந்தப் புரதம் திரண்டுதான் நோயாளிகளின் நரம்பு செல்களில் கட்டிகளாகப் படிகிறது.

கேள்வி: அப்போ அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் தினம் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். அதைச் சாப்பிடுபவர்களுக்கு நோய் குறைவு என்று சில கணக்கெடுப்புகள் சொன்னது உண்மை. ஆனால் மருந்தால்தான் குறைந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் எட்டிப் பார்க்கும் ஆபத்து உண்டு.

கேள்வி: மஞ்சள்?

குழம்பில் போடுங்கள். மாத்திரையாக வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

கேள்வி: அழற்சிதான் பிரச்சினை என்றால் அம்மாவின் லெவோடோபாவை நிறுத்திவிடலாமா?

கூடாது. உடல் அசைவுக்கு மூளையில் தேவைப்படும் டோபமைன் என்ற ரசாயனம் இந்த நோயில் குறைந்துபோகும்; அதை ஈடுகட்டும் மருந்து இது. திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை மாற்றுவதென்றாலும் நரம்பியல் மருத்துவரைக் கேட்டுத்தான்.