ஓசூரில் பிஎஸ் 3, பெங்களூரில் பிஎஸ் 4: புகை விதிகள் பற்றிய கேள்வி பதில்

பழைய கார் வாங்கி விற்பதும், வெளிமாநில வண்டிகளுக்கு இங்கே மறுபதிவு முடித்துக் கொடுப்பதும் பதினெட்டு வருடமாக என் தொழில். ஊருக்கு ஊர் புகை விதி ஏன் மாறுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டி விடும் புகைக்கு அரசு வைத்த வரம்பு. எண் கூடக் கூட விதி கடுமை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செல்வம், ஓசூர்: அண்ணா, என்னுடைய 2013 டீசல் காரின் ஆர்.சி.யில் பிஎஸ் 3 என்று இருக்கிறது. அதே வருடம் அதே மாடலை என் மச்சான் பெங்களூரில் வாங்கினார், அதில் பிஎஸ் 4. நடுவே நாற்பது கிலோமீட்டர்தான். ஷோரூமில் என்னை ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை தம்பி, விதியே அப்படித்தான் இருந்தது. 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 வந்தபோது நாடு முழுவதற்கும் வரவில்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஐதராபாத் என்று குறிப்பிட்ட சில நகரங்களுக்கு மட்டும் வந்தது. மற்ற ஊர்களுக்கு பிஎஸ் 3. ஓசூர் அந்தப் பட்டியலில் இல்லை. பல கம்பெனிகள் எல்லா ஊருக்கும் பிஎஸ் 4 வண்டியையே அனுப்பின. சில கம்பெனிகள் ஊரைப் பார்த்து இரண்டு விதமாக அனுப்பின. உங்கள் கார் அந்த இரண்டாம் வகை.

இதற்கெல்லாம் காரணம் டீசலில் இருக்கும் கந்தகம். பிஎஸ் 3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், பிஎஸ் 4 டீசலில் 50 பங்குதான். கந்தகம் அதிகமானால் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர் சீக்கிரம் செயலிழந்துவிடும். சுத்தமான டீசல் எல்லா ஊர் பெட்ரோல் பங்க்குக்கும் போய்ச் சேராததால் வண்டிக்கான விதியையும் ஊர் ஊராகத்தான் கொண்டுவந்தார்கள்.

2016 ஏப்ரலில் கர்நாடகா, கேரளா, தெலங்கானா முழுவதும் பிஎஸ் 4 ஆனது. சென்னை தவிர்த்த தமிழ்நாட்டுக்கு அது 2017 ஏப்ரலில்தான் வந்தது. அந்த ஒரு வருடம் வாளையார் சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி. டீசல் கார் விடும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வரம்பு பிஎஸ் 3-ல் கிலோமீட்டருக்கு 0.50 கிராம், பிஎஸ் 4-ல் அதில் பாதி. சென்னையில் விற்கக்கூடாத வண்டியைக் கோவையிலும் மதுரையிலும் ஏழு வருடம் விற்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதே நுரையீரலை வைத்துத்தானே மூச்சு விடுகிறார்கள்?

மேரி, நாகர்கோவில்: இப்போதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டா?

புது வண்டிக்கு இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6. பிஎஸ் 5 என்ற படியையே தாண்டிவிட்டார்கள். டீசலில் கந்தகம் 10 பங்குக்கு இறங்கியது. டெல்லிக்கு மட்டும் இந்த எண்ணெய் 2018-லேயே வந்துவிட்டது. இப்போது வேறுபாடெல்லாம் பழைய வண்டியை எங்கே, எத்தனை வருடம் ஓட்டலாம் என்பதில்தான்.

இர்ஃபான், திருச்சி: அண்ணே, 2014 மாடல் டெல்லி டீசல் கார் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

முதலில் ஏன் மலிவு என்று தெரிந்துகொள்ளுங்கள். டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-லும் 2015-லும் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் பழைய வண்டிக்காரர்கள் மீதான நடவடிக்கையை நிறுத்திவைத்து, டிசம்பரில் அந்தச் சலுகை பிஎஸ் 4-க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டும் என்று சுருக்கியது. இப்படி மாறிக்கொண்டே இருந்தால் அங்கே யார் பழைய டீசலை வைத்துக்கொள்வார்கள்? வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம் ஊரில் அந்தப் பத்து வருடக் கணக்கு இல்லை. பதிவு 15 வருடம் வரை செல்லும், பிறகு சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கலாம்.

ஆனால் என்.ஓ.சி., அதாவது டெல்லி ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும். இங்கே கட்டவேண்டிய ஆயுள் வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தப் பாதி விலை முக்கால் விலையாகிவிடும்.

அப்புறம் பானெட்டைத் திறந்து இ.ஜி.ஆர். வால்வைப் பாருங்கள். போன வருடம் ஒரு வண்டியில் மற்ற போல்ட்டெல்லாம் துரு ஏறியிருக்க, அந்த வால்வின் இரண்டு போல்ட் மட்டும் பளபளவென்று இருந்தன. கழற்றினோம். உள்ளே டின்னில் வெட்டிய தகடு ஒன்றைச் சொருகி வழியையே அடைத்திருந்தார்கள். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு எரியும் சூட்டைக் குறைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அதை அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறிவிடும். பேப்பரில் பிஎஸ் 4 என்று இருந்தாலும் சாலையில் அது பிஎஸ் 4 இல்லை.

இர்ஃபான்: புகைச் சோதனையில் மாட்டாதா?

மாட்டாது, அதுதான் வேதனை. டீசல் வண்டிக்கு ஆக்சிலரேட்டரை மிதித்துப் புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, அதை அளப்பதும் இல்லை. தகடு வைத்த வண்டியில் கரும்புகை குறைந்துகூடத் தெரியும்.

தனலட்சுமி, ஈரோடு: ஈரோட்டில் எடுத்த புகைச் சான்று கேரளாவில் செல்லுமா?

செல்லும், எல்லா மாநிலத்திலும் செல்லும். பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம்.

கார்த்திக், சேலம்: அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் தனக்கென்று தனி விதி வைத்திருக்கிறதே. தமிழ்நாடும் அப்படி வைக்கலாமே?

முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 110-ஆம் பிரிவின்படி இந்த அளவுகளை வகுப்பது மத்திய அரசு. மாநிலம் பசுமை வரி போடலாம், ஒரு பகுதிக்குள் சில வண்டிகள் வராமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

கலிபோர்னியா கதை வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தில் தவித்த காலத்திலேயே, மத்திய விதி வருவதற்கு முன்பே, அவர்கள் சொந்த விதி போட்டுவிட்டார்கள். அதனால் சட்டத்தில் அந்த மாநிலத்துக்கு மட்டும் விலக்குக் கேட்கும் உரிமை வைத்தார்கள். மற்ற மாநிலங்கள் மத்திய விதியோடு இருக்கலாம், அல்லது கலிபோர்னியா விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒன்றைப் புதிதாக உண்டாக்க முடியாது. அந்த உரிமைக்கும் இப்போது சோதனை வந்திருக்கிறது. 2035 முதல் பெட்ரோலில் மட்டும் ஓடும் புதிய காரே விற்கக்கூடாது என்ற விதிக்குக் கொடுத்த விலக்கை 2025 ஜூனில் ரத்து செய்தார்கள், அதை எதிர்த்துக் கலிபோர்னியா அரசு நீதிமன்றம் போயிருக்கிறது.

செல்வம், ஓசூர்: கடைசியாக ஒன்று அண்ணா. செலவு செய்து என் காரை பிஎஸ் 4 ஆக மாற்ற முடியுமா?

முடியாது. எஞ்சின், இன்ஜெக்டர், கன்வர்ட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகச் சோதித்துத்தான் அந்தச் சான்று தருகிறார்கள். ஒரு பாகத்தை மாற்றினால் ஆர்.சி.யில் எழுத்து மாறாது. மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் ஒழுங்காகப் பாருங்கள், இ.ஜி.ஆர். வால்வை அடைக்காமல் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.