டிரப்பீசியமா, டிரப்பிசாய்டா?

கேள்வி: மகள் தரம் 10இல் ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். பாடப்புத்தகத்தில் டிரப்பீசியம் என்று இருக்கும் உருவத்தை யூடியூபில் ஒரு அமெரிக்க ஆசிரியர் டிரப்பிசாய்டு என்கிறார். நாங்கள் சரிவகம் என்று படித்தது. எது சரி? அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: இரண்டும் சரிதான் சகோதரி, யார் எந்த நாட்டில் இருந்து சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அர்த்தம். கிரேக்கத்தில் டிரபெசா என்றால் மேசை. நான்கு, கால் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தது, அதாவது நாலு கால் உள்ளது. நம்முடைய நாற்காலியும் அதே கணக்கில் வந்த சொல்தானே! நாங்கள் அதை இருக்கைக்கு வைத்தோம் (பேச்சில் போர்த்துக்கேயர் தந்த கதிரையைத்தான் பிடித்துக்கொண்டோம்), அவர்கள் மேசைக்கு வைத்தார்கள். டிரபெசியோன் என்றால் சின்ன மேசை, அதுதான் லத்தீன் வழியாக டிரப்பீசியம் ஆனது. காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டுத் தொழில் செய்ததால் இன்றைக்கும் கிரேக்கத்தில் வங்கியை டிரபெசா என்றுதான் சொல்கிறார்கள்.

இனி அந்தக் குழப்பம். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் தவிர்ந்த எல்லா நாற்பக்கலுக்கும் இந்த ஒரே பெயரைத்தான் கொடுத்தார். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வந்த இன்னொரு கிரேக்க அறிஞர் புரோக்ளஸ் அதை இரண்டாகப் பிரித்தார்: ஒரு சோடிப் பக்கங்கள் சமாந்தரம் என்றால் டிரப்பீசியம், எந்தச் சோடியும் சமாந்தரம் இல்லை என்றால் டிரப்பிசாய்டு, அதாவது மேசை மாதிரியானது. நல்ல தெளிவான பிரிவு. ஆனால் 1795இல் லண்டனில் சார்ல்ஸ் ஹட்டன் வெளியிட்ட கணித அகராதியில் இரண்டு பெயரும் இடம் மாறிவிட்டன. பிரித்தானியர்கள் அடுத்த நூற்றாண்டில் பழைய வழிக்கே திரும்பிவிட்டார்கள், அமெரிக்கர்கள் ஹட்டன் சொன்னதையே இன்றுவரை வைத்திருக்கிறார்கள். நமது பாடப்புத்தகம் பிரித்தானிய வழி.

வெறும் பெயர்தானே என்று விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அமெரிக்கப் பாடத்தில் டிரப்பீசியம் என்று வந்தால் அது சமாந்தரப் பக்கமே இல்லாத உருவமாக இருக்கலாம், அங்கே போய் சமாந்தரப் பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியைச் செங்குத்துயரத்தால் பெருக்கினால் பரப்பளவு பிழைத்துவிடும். அதனால் பெயரைப் பார்க்க முதல் படத்தில் அம்புக்குறி எந்த இரண்டு கோடுகளில் போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் குறிதான் சமாந்தரத்தைக் காட்டும். பரீட்சையில் டிரப்பீசியம் என்றே எழுதட்டும். தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, சரிவகம் என்ற பெயரிலேயே சரிவு இருக்கிறது.