துரியோதனனை மேலிருந்து பார்க்காதீர்கள்

அன்புள்ள சார்,

எனக்கு ஆற்காடு பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஊர் பாரதக் கூத்தை வைத்து இருபது நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறேன். கையில் கேமராவும் டிரைபாடும் இருக்கின்றன. கூத்தின் கடைசியில், தரையில் மண்ணால் போட்ட துரியோதனன் விழுந்து கிடக்கும் படுகளத்துக்கு டிரோன் வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசனை. எந்தெந்த ஷாட் கட்டாயம் வேண்டும்? குளோசப் இத்தனை, லாங் ஷாட் இத்தனை என்று கணக்கு உண்டா?

கே.

அன்புள்ள கே.,

கணக்கெல்லாம் கிடையாது. இருந்திருந்தால் கணக்கு வாத்தியார்கள்தான் நல்ல படம் எடுத்திருப்பார்கள். ஆளோடு அவர் நிற்கிற இடமும் தெரிந்தால் லாங் ஷாட், இடுப்புக்கு மேலே மிட் ஷாட், முகம் மட்டும் என்றால் குளோசப். டிரைபாடில் வைத்துப் பக்கவாட்டில் திருப்பினால் பேன், மேலும் கீழும் சாய்த்தால் டில்ட். இதை யூடியூபிலேயே பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம், எனக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

ஆனால் படுகளத்துக்கு டிரோன் என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் ஒருவர் போனில் அப்படி ஒரு வீடியோ காட்டினார். மண்ணில் அவ்வளவு பெரிதாகப் போட்ட துரியோதனன், பிள்ளையார் சதுர்த்திக்கு விற்காமல் போன பொம்மை மாதிரி குட்டியாகக் கிடக்கிறான், சுற்றிலும் சனங்கள் எறும்பு மாதிரி. எவன் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது? பருந்துக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு ஆறு வயசு இருக்கும், ஆயா கையைப் பிடித்துக்கொண்டு படுகளத்துக்குப் போனேன். மத்தியான வெயில், மண் சுடுகிறது. முதலில் வந்தது பாதம். கட்டைவிரல் ஒன்றே என் தலை அளவு. அப்புறம் முழங்கால். அப்புறம் தொடை, உள்ளே சிவப்புத் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. வயிறு, மார்பு, மீசை எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் கண். திறந்திருந்தது. ஆயா குனிந்து அவன் விலாவிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கேமராவைச் சக்கர வண்டியில் வைத்து நகர்த்திக்கொண்டே எடுப்பதை டிராலி ஷாட் என்பார்கள், அந்த நடைதான் அது. எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, டிரோன் வேண்டாம், பாதத்துப் பக்கம் நின்று முகத்துக்கு ஜூம் போடுகிறேன் என்பீர்கள். கல்யாண வீடியோக்காரர்களிடம் லைட் பிடித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜூமில் நீங்கள் நகர்வதே இல்லை. முகம் பெரிதாகும், அவ்வளவுதான். முழங்காலும் மார்பும் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு நிற்கும். நடந்தால்தான் கட்டைவிரல் ஃபிரேமை விட்டுப் போகும், தொடை வரும், அதுவும் போகும். இரண்டும் ஒன்றே என்று இன்னும் சந்தேகமிருந்தால் ஹிட்ச்காக் 1958இல் எடுத்த ‘வெர்டிகோ’வைப் பாருங்கள். ஜூமையும் டிராலியையும் எதிரெதிராக ஓட்டியிருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துப் படம் அசையாமல் நின்றிருக்க வேண்டும், ஆனால் படிக்கட்டுக் குழி நம் கண்ணெதிரே நீண்டுகொண்டே போகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படிக்கட்டும் ஒரு சின்ன மாதிரிதான், அதைத் தரையில் படுக்கப்போட்டு எடுத்தார்கள். நம் ஆளைப் போலவே.

அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் ஏறும் அர்ச்சுனன் தபசுக்கும் இதேதான். மரத்தின் உச்சிக்கு டிரோனை ஏற்றாதீர்கள். பிள்ளை வரம் கேட்டுக் கீழே காத்திருக்கும் பெண்கள் பக்கத்தில் டிரைபாடைப் போட்டு, அவர் ஏற ஏற டில்ட் அப் செய்யுங்கள், கழுத்து வலிக்கிற வேகத்தில்.

டிராலிக்குக் காசில்லை என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். 1896இல் லூமியேர் சினிமா கம்பெனியின் கேமராமேன் புரோமியோ வெனிஸில் கேமராவைப் படகில் வைத்தார், படகு நகர்ந்தது, ஷாட்டும் நகர்ந்தது. பிரெஞ்சு இயக்குநர் கோதார் தன் முதல் முழுநீளப் படத்தில் கேமராமேனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தானே தள்ளினார். வேலூரில் சக்கர நாற்காலிக்கா பஞ்சம்? தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று செய்யுங்கள். உருவம் போட்டு முடித்ததும், கூட்டம் சேரும் முன், கேமராவை யாரிடமாவது கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் பாதத்திலிருந்து தலை வரை ஒருமுறை நடங்கள். எத்தனை எட்டு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.