டாக் நட் அசையவில்லை, ஆயில் ஒழுக்கும் நிற்கவில்லை

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய 1982 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, இப்போது என்னிடம் இருக்கிறது. இன்ஜின் முன்னால் ஃபேன் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லிக்குப் பின்னாலிருந்து ஆயில் ஒழுகுகிறது. ஒரு வருடத்தில் இரண்டு முறை முன் ஆயில் சீல் மாற்றியாயிற்று. மாற்றினால் ஒரு மாதம் தாங்குகிறது, அப்புறம் பழைய கதைதான். இந்த முறை நானே புல்லியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். புல்லியைக் கிராங்கில் பிடித்திருக்கும் டாக் நட் இம்மியும் அசையவில்லை. சுத்தியலால் நாலு தட்டு தட்டலாமா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: தட்டாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின். அதன் கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் நடு பேரிங்கில் இருக்கின்றன. முன்னால் நீங்கள் அடிக்கிற அடியெல்லாம் நேராக அந்த வாஷர்களில்தான் போய் விழும். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நானே அப்படி ஒரு புல்லியை அடித்திருக்கிறேன். புல்லி வந்துவிட்டது. ஆனால் விளிம்பு வளைந்து, பெல்ட் ஆடி ஆடி ஓடியது. அந்த வண்டிக்காரர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

முதலில் ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான், கை தாராளமாகப் போகும். ஃபேன் பெல்ட்டையும் எடுத்துவிடுங்கள். டாக் நட்டுக்கு அடியில் ஒரு லாக் வாஷர் இருக்கும். அதன் காதை மடித்து நட்டின் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். நாற்பது வருட அழுக்கில் அது கண்ணுக்கே தெரியாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அந்தக் காதை உளியால் முழுசாக நிமிர்த்துங்கள். அசையாத நட்டுகளில் பாதி இந்தக் காதை நிமிர்த்தாததால்தான் அசையாமல் இருக்கின்றன. அப்புறம் துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள்.

மறுநாள் காலையில் வண்டியை டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்துக் கால் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பலர் முதல் கியரில் போடுவார்கள். அது தவறு. கீழ் கியரில் போட்டால் நீங்கள் நட்டில் கொடுக்கும் விசை பல மடங்காகச் சக்கரத்துக்குப் போகும், பிரேக் பிடித்து நிறுத்தப் பாடுபடும். டாப் கியரில் அந்தப் பெருக்கம் குறைவு. சரியான அளவு ரிங் ஸ்பேனர், அதன் மேல் ஒரு நீள பைப், எதிர் கடிகாரத் திசையில் ஒரே சீரான அழுத்தம். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் கையால் சுற்றலாம். ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து செல்ஃப் அடித்துக் கழற்றும் வழக்கமும் உண்டு. நட் கழன்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பேனர் பறந்தால் யார் கை போகும் என்று சொல்ல முடியாது. நான் அதைச் செய்வதில்லை, என் பையன்களையும் செய்ய விடுவதில்லை.

புல்லியை விளிம்பில் பிடித்து இழுக்காதீர்கள். நடுக் குழாய்ப் பகுதிக்குப் பின்னால் இருபுறமும் லீவர் கொடுத்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று நெம்புங்கள். லீவரை டைமிங் கவர் (புல்லிக்குப் பின்னால், சீல் உட்கார்ந்திருக்கும் மூடி) தகட்டின் மேல் ஊன்ற வேண்டாம், அது வளைந்துவிடும். புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சின்ன அரைவட்ட கீயைத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது நீங்கள் இரண்டு முறை சீல் மாற்றியும் தீராத விஷயத்துக்கு வருகிறேன். புல்லியின் குழாய்ப் பகுதியைப் பெட்ரோலில் துடைத்து, வெளிச்சத்தில் காட்டி, கட்டைவிரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். சீலின் உதடு உரசிய இடத்தில் நகம் சிக்குகிறதா? அந்த மெல்லிய பள்ளம்தான் உங்கள் ஒழுக்கு. ரப்பர் உதடு இத்தனை வருடமாக இரும்பைத் தேய்த்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எத்தனை புது சீல் போட்டாலும் ஒரு மாதம்தான். இதைப் பார்க்காமல் மெக்கானிக் இரண்டு தடவை சீலை மட்டும் மாற்றிக் காசு வாங்கியது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. புல்லியை நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பள்ளத்தின் மேல் மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் சீலை ஒன்றரை மில்லிமீட்டர் முன்னுக்குத் தள்ளி உட்கார வைத்தால், உதடு தேயாத இடத்தில் பிடிக்கும். இன்ஜின் ப்ரீத்தர் பைப்பையும் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வரும்.

மாட்டும்போது, சீலுக்கு ஆயில் அதிகம் போகாமல் வீசித் தள்ளும் ஆயில் த்ரோயர் தட்டில் 'எஃப்' எழுத்து இருந்தால் அது ரேடியேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். டைமிங் கவர் போல்ட்டுகளை லூசாக விட்டு, குழாய்ப் பகுதியில் ஆயில் தடவி, கீயைப் பார்த்துப் புல்லியை உள்ளே நுழைத்துவிடுங்கள். மெதுவாகச் சுற்றிவிட்டால் கவர் தானாக நடுவுக்கு வந்து உட்காரும். அதற்குப் பிறகுதான் கவர் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் சீல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, நீங்கள் மறுபடியும் கழற்ற வேண்டிவரும். லாக் வாஷர் கட்டாயம் புதிது. டாக் நட்டுக்கு, இதே பி சீரிஸ் வகை இன்ஜின் கொண்ட எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் காரின் மேனுவலில் 70 பவுண்டு-அடி, அதாவது சுமார் 95 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. நானும் அதே அளவில்தான் முறுக்குகிறேன். முறுக்கியதும் வாஷர் காதை மடியுங்கள்.

கேள்வி: புல்லியைக் கழற்றி மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்தவுடன் பெல்ட் கத்துகிறது. புல்லி கோணலாகிவிட்டதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் பெல்ட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தும்போது அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் டைனமோவைத் தள்ளி இறுக்குங்கள். பிறகும் கத்தினால் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கையும் புடவைத் தலைப்பும் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்று முன்பக்கமிருந்து பாருங்கள். விளிம்பு ஆடுவது கண்ணுக்கே தெரியும். ஆடுகிற புல்லியை நிமிர்த்த வேண்டாம், நல்ல பழைய புல்லி ஒன்று தேடி மாட்டுங்கள்.