லொத்தர் தாளின் அடியில் இருக்கும் இரண்டு பெட்டிகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜேர்மன் லொத்தர் பற்றியவை. அதிலும் 49 எண்களில் ஆறைத் தெரிவுசெய்யும் 49இல் 6 தாளோடு சேர்த்து, அந்தத் தாளில் அச்சடித்திருக்கும் ஏழிலக்க எண்ணை வைத்து விளையாடும் ஸ்பீல் 77, சூப்பர் 6 இரண்டும்தான் பலரைக் குழப்பியிருக்கின்றன.

கேள்வி: என் தாளின் இலக்கம் 4058216. ஸ்பீல் 77இல் விழுந்தது 9358116. நான்கு இலக்கங்கள் அப்படியே பொருந்துகின்றன. கடைக்காரர் 17 யூரோதான் தந்தார். ஏமாற்றிவிட்டாரா? (டோர்ட்முண்ட்)

பதில்: இல்லை, தந்தது சரியான காசு. வலப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். 6 சரி, 1 சரி. அடுத்தது உங்களிடம் 2, அங்கே 1. அதோடு கணக்கு நின்றுவிடும். அதற்கு அப்பால் 8உம் 5உம் பொருந்தியதற்குக் காசில்லை. கடைசி ஓர் இலக்கம் பொருந்தினால் 5 யூரோ, இரண்டுக்கு 17, மூன்றுக்கு 77, அப்புறம் 777, 7,777, 77,777. ஏழும் பொருந்தினால் குறைந்தது 177,777 யூரோ. யாருக்கும் விழாவிட்டால் அந்தத் தொகை அடுத்த குலுக்கலுக்கு ஏறும். சூப்பர் 6 அதே தாளிலக்கத்தின் கடைசி ஆறைத்தான் பார்க்கும், ஆனால் அதற்குக் குலுக்கல் வேறு. பரிசு 2.50 யூரோவில் தொடங்கி 100,000 வரை போகும்.

கேள்வி: எனக்குப் பிடித்த இலக்கத்தை நானே எழுதலாமா?

பதில்: கடைத் தாளில் முடியாது, இலக்கம் அச்சடித்தே வரும். பிடிக்காவிட்டால் வேறு தாள் எடுங்கள். கடைசி இலக்கம்தான் 49இல் 6க்கு சூப்பர்சால், அதாவது பெரிய பரிசுக்கு ஆறு எண்களோடு சேர்ந்து பொருந்த வேண்டிய இலக்கம், என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: 49இல் 6இல் ஆறு எண் கொண்ட ஒரு வரி 1.20 யூரோ என்று நினைத்துப் போனேன். "எல்லாம் சேர்த்தா?" என்று கேட்டார்கள், ஆம் என்றேன். ஏறக்குறைய ஐந்து யூரோ எடுத்துவிட்டார்கள். முறைப்பாடு செய்யலாமா? (ஸ்டுட்கார்ட்)

பதில்: எதற்கு முறைப்பாடு? கேட்டுத்தானே எடுத்தார்கள்! என்னவென்று விசாரிக்காமல் தலையாட்டியது நீங்கள். தாளின் அடியில் ஸ்பீல் 77, சூப்பர் 6 இரண்டுக்கும் ஆம், இல்லை என்று பெட்டி இருக்கிறது. புள்ளடி போடுமுன் வாசியுங்கள்.

ஆனால் இந்த விலை விஷயத்தில் எனக்கு நீண்டநாள் ஆத்திரம் உண்டு. ஒரு வரி 1.20. ஸ்பீல் 77க்கு 2.50, சூப்பர் 6க்கு 1.25. "கூடுதல்" என்று சொல்லப்படுவது 3.75, அதாவது மூல விளையாட்டைப் போல மூன்று மடங்கு. புதனும் சனியும் விளையாடினால் வருடத்துக்கு 390 யூரோ இந்த இரண்டு புள்ளடிக்கு மட்டும். நான் நான்கு வருடம் அப்படிக் கட்டினேன். அதிலும் ஆறு பந்துகளை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் குப்பையில் போட்டேன், தாளிலக்கத்தைப் பார்த்ததே இல்லை. பத்துக்கு ஒரு தடவை ஏதாவது விழும் விளையாட்டு அது. எத்தனை ஐந்து யூரோவை எறிந்தேனோ, இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பரிசுகளை வாய்ப்போடு பெருக்கிக் கூட்டிப் பார்த்தால், ஸ்பீல் 77க்குக் கட்டும் 2.50இல் ஏறக்குறைய ஒரு யூரோதான் பரிசாகத் திரும்புகிறது. சூப்பர் 6இல் 1.25க்கு 56 சதம். 49இல் 6 கட்டிய காசில் பாதியைப் பரிசாகத் தருகிறது. பெரிய பரிசுக்கான வாய்ப்பு ஸ்பீல் 77இல் ஒரு கோடியில் ஒன்று, 49இல் 6இல் ஏறக்குறைய 14 கோடியில் ஒன்று என்பது உண்மைதான். அதற்காக விளையாடுகிறவர் தெரிந்து விளையாடட்டும். கடைக்காரர் கேட்டார் என்பதற்காக வேண்டாம்.

கேள்வி: 7777777 போன்ற இலக்கம் விழவே விழாது என்கிறார் நண்பர்.

பதில்: மற்ற எந்த இலக்கத்துக்கும் உள்ள வாய்ப்பு அதற்கும் உண்டு. நண்பரின் பேச்சு ஒரு காலத்தில் பாதி சரியாக இருந்தது. 1971இல் குளுக்ஸ்பிராலே என்ற இன்னொரு ஜேர்மன் லொத்தரின் ஏழிலக்க எண்ணுக்கு, ஒவ்வோர் இலக்கத்திலும் ஏழு பந்து வீதம் 70 பந்துகளை ஒரே உருளையில் போட்டு ஏழை எடுத்தார்கள். ஏழு வெவ்வேறு இலக்கங்கள் கொண்ட எண்ணுக்கு 7777777ஐ விட 163 மடங்கு வாய்ப்பு இருந்தது. பிறகு திருத்திவிட்டார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது. யாரோ தொலைபேசியில், ஸ்பீல் 77 குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள், மூன்று மாதம் கட்டியே ஆக வேண்டும் என்று மிரட்டி வங்கி எண்ணை வாங்கிவிட்டார்கள். போன மாதமும் இந்த மாதமும் 59 யூரோ போய்விட்டது. அழுதுகொண்டே இருக்கிறார். (ஹாம்)

பதில்: தம்பி, முதலில் அம்மாவிடம் பிழை அவருடையது இல்லை என்று சொல்லுங்கள். வேகமான அதிகாரக் குரல், பாதி புரியும் மொழி, இதைத் தெரிந்துதான் அந்தப் பாவிகள் வயதானவர்களை அழைக்கிறார்கள். நாளைக் காலை வங்கிக்குப் போங்கள். கணக்கிலிருந்து எடுத்த காசை எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். அனுமதியில்லாமல் எடுத்ததென்றால் 13 மாதம் வரை. 2013 அக்டோபரிலிருந்து இப்படிப் பரிசுப் போட்டிகளில் சேர்த்துவிடும் ஒப்பந்தம் வெறும் பேச்சில் செல்லாது, கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும். மிரட்டல் கடிதம் வந்தால் பயந்து கட்டாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு வெர்பிராவுஹர்சென்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்கு அம்மாவோடு நீங்களும் போங்கள், தனியாக அனுப்ப வேண்டாம்.

கேள்வி: விழுந்த காசுக்கு வரி உண்டா?

பதில்: ஜேர்மனியில் லொத்தர் பரிசுக்கு வருமான வரி இல்லை. அதை வங்கியில் போட்டு வட்டி வந்தால், வட்டிக்கு உண்டு.