சர்வர் படுத்துவிட்டால் அப்பாவின் மாத்திரைக் கணக்கு யார் கையில்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி நாலு வருஷம் ஆகிறது, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் புதுச்சேரியில் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனால், கம்ப்யூட்டரில் வைரஸ், பழைய ரிப்போர்ட் எதுவும் திறக்கவில்லை என்றார்கள். அப்பாவின் விவரம் திருடு போயிருக்குமா?

பதில்: திருட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், எனக்கு முதல் கவலை அப்பாவின் ஐஎன்ஆர். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் அந்த எண்ணைப் பார்த்துதான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். போன முறை எவ்வளவு இருந்தது, என்ன அளவு கொடுத்தார்கள் என்று தெரியாமல் கொடுத்தால் ரத்தக்கசிவு வரலாம், இல்லை வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அவசரத்துக்கு வேறு டாக்டர் பார்த்து, விவரம் தெரியாமல் வலி மாத்திரை எழுதிவிட்டால் இன்னும் ஆபத்து.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேராக இருக்கலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸிலேயே இது நடந்து, ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். 2024 ஜூனில் லண்டனில், பல ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து தரும் நிறுவனமே முடங்கியது. நோயாளியின் ரத்தத்தோடு வழக்கமான வேகத்தில் பொருத்திப் பார்க்க முடியாததால், பெரும்பாலானோருக்குப் பொருந்தும் ஓ வகை ரத்தம் கொடுக்க வாருங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் ஊர்ப் பெரியவர்கள் மஞ்சப்பையில் ஃபைலைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள், கவுண்டரில் 'எல்லாம் சிஸ்டத்தில் இருக்கு' என்பார்கள். அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஐஎன்ஆர், எத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். முதல் பக்கத்தில் வால்வு என்ன வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அதை போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள்.

சரி, திருட்டு. போயிருக்க வாய்ப்பு உண்டு, வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பா பேர், ஆபரேஷன் எல்லாம் சரியாகச் சொல்லி, 'இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க' என்று யாராவது கூப்பிட்டால், போனை வைத்துவிட்டு, பில்லில் அச்சடித்திருக்கும் நம்பரில் நீங்களே கேளுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது ஆஸ்பத்திரியில் ஒன்று கேளுங்கள்: சர்வர் நின்றால் லேப் முடிவு வார்டுக்கு எப்படி வரும்? கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் சொல்லத் தடுமாறினால், ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அன்றைக்கே காகிதத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.